வேலுத்தம்பியும் வெந்நீர் அடுப்பும்

அன்புள்ள ஐயா,

1809இல் திருவிதாங்கூரின் தளவாய், அதாவது முதலமைச்சர் வேலுத்தம்பி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக நடத்திய போரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நம் குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் மன்னரின் கீழ் இருந்ததால், அதை காலனியாதிக்க எதிர்ப்பு என்று சொல்ல முடியாது, தலைப்பை மாற்று என்கிறார் ஒரு பேராசிரியர். தளவாயைக் கேரளத்தார் சொந்தம் கொண்டாடும்போது நாம் எழுதலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. ஆய்வுச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். தலைப்பை மாற்றவா?

ஆய்வு மாணவி, தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

மாற்ற வேண்டாம். 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டியிருந்தது. பாக்கியைக் கேட்டு கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே கழுத்தை நெரித்ததில்தான் பகை முற்றியது. சிம்மாசனத்தில் மன்னர், கஜானாச் சாவி கம்பெனியிடம். இது காலனியாதிக்கம் இல்லாமல் வேறென்ன? அப்புறம், கேரளமா தமிழ்நாடா என்பது 1956இல் போட்ட கோடு. தளவாய் பிறந்த தலக்குளம் உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இதை இதோடு விடு.

எனக்குக் கோபம் வந்தது உன் சுருக்கத்தைப் படித்தபோதுதான். சான்று காட்டியது அத்தனையும் ஆங்கில நூல்கள். 1809 பிப்ரவரியில் கம்பெனித் தளபதி செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்ததை, பிடித்தவனின் கண்ணாலேயே பார்த்து எழுதியிருக்கிறாய். முதல் பக்கத்தில் வரலாற்றாசிரியர் ரணஜித் குகாவைச் சொல்கிறாய். கலகத்தை அடக்கியவன் எழுதிவைத்த ஆவணத்தை அவன் சொன்னபடியே நம்பாதே என்றவர் அவர். பத்தாம் பக்கத்தில் நீயே ‘கலகக்காரர்கள்’ என்று எழுதுகிறாய். யாரை மக்களே அப்படிச் சொல்கிறாய்? உன் ஊர்க்காரனை.

திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகள், அதாவது பத்மநாபசாமி கோயில் சார்ந்த பழைய ஆவணங்கள், லட்சக்கணக்கில் இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பழைய எழுத்து வகைகள். நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினால் காலையிலேயே போய்ச் சேரலாம். ஒரு ஓலையைக்கூட நீ தொட்டுப் பார்க்கவில்லை. அதில் தளவாயின் பெயர் ஒரு வரியில்கூட வராமல் போகட்டும். நிலம், நெல், கணக்கு என்று இந்த மண்ணின் ஆட்கள் தங்கள் கையால் எழுதியதைப் படிக்காமல், அவர்கள் ஏன் போருக்குப் போனார்கள் என்று எப்படி எழுதுவாய்?

எங்கள் வீட்டு மச்சில் ஏழு ஓலைக்கட்டுகள் இருந்தன. பாட்டா கோவையிலையைக் கசக்கி ஏட்டில் தேய்த்து, விளக்குக்கரி பூசித் துடைப்பார். வெறும் ஓலையாகக் கிடந்ததில் எழுத்து கறுப்பாக எழுந்து வரும். விரல் வைத்து, கொல்லம் ஆண்டிலிருந்து தொடங்கி ராகமாகப் படிப்பார். அவர் இறந்த வருஷம் ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்துவிட்டது. வெந்நீர் போட வேண்டும். அடுப்புப் பற்றவைக்க எதையாவது எடுத்து வா என்றாள் அம்மா. எனக்குப் பத்து வயது. கட்டின் கயிற்றை உருவி ஒவ்வொரு ஏடாக நானே அடுப்பில் வைத்தேன். படபடவென்று பற்றிக்கொண்டது. ஏடு கறுத்துச் சுருளும்போது எழுத்தாணிக் கீறல் ஒரு கணம் சிவப்பாகத் தெரிந்து மறைந்தது. குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அந்த மழைக்காலத்தில் ஆறு கட்டுகள் போயின.

மண்ணடியில் தளவாய் இறந்த பிறகு அவர் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீட்டை இடித்து, அந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள் என்று திருவிதாங்கூர் வரலாறு சொல்கிறது. வீடு இருந்த தடமே தெரியக் கூடாது என்று செய்தது அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்புதான் கண்ணில் நிற்கிறது.

ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. அச்சு மலையாளத்தை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இந்த எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. நீ ஆறு மாதம் காப்பகத்தில் உட்கார்ந்து பழகிவிட்டு வா. வருவதற்கு முந்தின நாள் சொல். மச்சிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கிறேன்.