பிரஷர் உள்ள அப்பாவுக்கு எந்த உப்புக் கொடுப்பது? உப்பால் கெடுதல் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உங்கள் கேள்வியை நேற்றிரவு பார்த்தேன். அப்பாவுக்கு பிரஷர், கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், யூடியூப்பில் ஒருவர் புது ஆய்வைக் காட்டி உப்பால் ஒன்றும் வராது என்கிறார், லண்டனில் இருக்கிற சித்தப்பா குறைசோடிய உப்பு (சோடியத்தைக் குறைத்துப் பொற்றாசியம் கலந்த மாற்று உப்பு) அனுப்பப் போகிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஊர் வன்னி என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவும் என் அப்பாவைப் போல வெயிலில் வயல் செய்தவர், கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பெட்டி வந்தால், அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் வரை அந்த உப்புப் பக்கற்றை உடைக்காதீர்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

நான் டொக்டர் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சோடியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு என்று கரும்பலகையில் எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

என் அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர். 1990இல் சண்டை தொடங்கி உப்பளம் நின்றுபோகும் வரைக்கும் அவருடைய சீவியம் அதுதான். வயல்காரன் நெல்லைப் பற்றிப் பேசுவது போல அவர் உப்பைப் பற்றிப் பேசுவார். கடல்நீரேரித் தண்ணீரைப் பாத்திக்கு விட்டு, வெயிலில் வற்ற வற்ற ஒவ்வொரு பாத்தியாக மாற்றுவார்கள். முதலில் சுண்ணாம்பு மாதிரி ஒன்று அடியில் படியும், அது உப்பில்லை. அதற்குப் பிறகு உப்பு விளையும். உப்பு விளைந்து முடிய ஒரு தண்ணீர் மிஞ்சும். அதைப் பாத்தியில் விட்டுவைக்கக் கூடாது. "அந்தத் தண்ணி கசக்கும் பிள்ளை. அதை வடிய விடாட்டி உப்பு முழுக்கக் கசந்துபோகும்" என்பார். அந்தக் கசப்பு மக்னீசியமும் பொற்றாசியமும் என்பதைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது நாக்கிலேயே தெரியும்.

2009இல் கடற்கரையில் இருந்தபோது உப்பும் கிடைக்கவில்லை. அப்பா மணலில் பள்ளம் தோண்டி, தறப்பாள் துண்டு ஒன்றை விரித்து, கடல் தண்ணீரை ஊற்றி வற்ற வைத்தார். அந்த நிலைமையிலும் கடைசித் தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டுத்தான் உப்பைச் சுரண்டினார். இரண்டு கைப்பிடி வந்திருக்கும். பக்கத்துப் பங்கர் குடும்பத்துக்கும் கொடுத்தோம், கஞ்சிக்குப் போட. அந்த மனிதரிடம் போய் "அப்பா, இனி உப்புச் சாப்பிடக் கூடாது" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷர் என்று கிளினிக்கில் சொன்ன நாளில் இருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் எல்லாம் சண்டைதான்.

2022இல் சாமான் தட்டுப்பாடு வந்ததே, அப்போது கனடாவில் இருக்கிற அண்ணா பெட்டி அனுப்பினார். பால்மா, மருந்து, சவர்க்காரம், அதோடு நான்கு பக்கற் குறைசோடிய உப்பு. போனிலும் விளக்கம் தந்தார். முந்தின வருடம்தான் சீனாவில் செய்த பெரிய ஆய்வு வெளிவந்திருந்தது. 600 கிராமங்கள், கிட்டத்தட்ட 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்கு வழமையான உப்பு, பாதிக் கிராமங்களுக்கு நாலில் ஒரு பங்கு பொற்றாசியம் குளோரைட்டு கலந்த உப்பு. ஐந்து வருடமளவில் பார்த்தபோது மாற்று உப்புச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 வீதம் குறைந்திருந்தது. இது உண்மையான ஆய்வு, நல்ல ஆய்வு. அண்ணா பொய் சொல்லவில்லை. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அந்த ஒரு விஷயம் அண்ணாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் சந்தோசப்பட்டேன். இனிச் சண்டை இல்லை, உப்பும் போடலாம், பிரஷரும் குறையும் என்று. முதல் நாள் கத்தரிக்காய்க் குழம்பு. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இது என்ன உப்பு?"

"கனடா உப்பு அப்பா. பிரஷருக்கு நல்லது."

"கசக்குது பிள்ளை. தண்ணி வடிக்காத உப்பு இது."

பழக்கமில்லாத சுவை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். ருசி காணாது என்று பிறகு மேலாலும் அள்ளிப் போட்டார், கெடுதல் இல்லாத உப்புத்தானே என்று நானும் தடுக்கவில்லை. பக்கற்றின் பின்பக்கத்தில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையை நான் வாசித்தது எல்லாம் முடிந்த பிறகு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம் என்று போட்டிருந்தது.

ஐந்தாவது கிழமை. காலையில் கிணற்றடியில் இருந்து எழும்ப முடியவில்லை. "கால் ரெண்டும் என்ர இல்லாத மாதிரி இருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்த உடனேயே ஓடத் தொடங்கிவிட்டார்கள். பொற்றாசியம் 6.8. சாதாரணமாக 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டியது. அது கூடினால் இதயத் துடிப்பே குழம்பும், நின்றும் போகலாம். கல்சியம் ஊசி போட்டார்கள், இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றினார்கள். அப்பாவுக்குச் சீனி வருத்தமே இல்லை, ஏன் இன்சுலின் என்று நான் கத்தினேன். இரத்தத்தில் இருக்கிற பொற்றாசியத்தை உயிர்க்கலங்களுக்குள் தள்ளுவதற்கு என்று ஒரு இளம் டொக்டர் அந்த அவசரத்திலும் பொறுமையாகச் சொன்னார்.

உப்பு மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுது. பிரஷருக்குக் குடித்த லொசாட்டனும் பொற்றாசியத்தை உடம்பில் தேக்குகிற மருந்து. பழுதான சிறுநீரகம், அந்த மருந்து, அதற்கு மேல் நான் குழம்பில் அள்ளிப் போட்ட பொற்றாசியம். மூன்றும் சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தின ரிப்போட்டில் கிரியேற்றினின் கூட என்று இருந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற கழிவு அது. அதை மடித்து அலுமாரியில் வைத்தவள் நான்தான்.

இந்த இடத்தில் வேறு ஒரு கதை வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அப்பாவை வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். எது என்று சொல்ல மாட்டேன், அங்கே உயிரையும் காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு இரவு அந்த வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. என்ன சாப்பிட்டார் என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது "லுணு" என்ற ஒரு சொல். உப்பு, உப்பு என்று சொல்கிறேன், உப்பைக் குறையுங்கள் என்று அவர்களும் கையால் காட்டுகிறார்கள். இது வேறு உப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் துப்புரவு வேலை செய்கிற மலையகத்து அக்கா ஒருவர் வந்து மொழிபெயர்த்தார். கேட்டதும் தாதி தலையில் கை வைத்தார். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. எந்த நோயாளியும் தன் மொழியில் கால் ஏலாது, நெஞ்சு இடிக்குது என்று சொல்ல முடிய வேண்டும். அந்த அக்கா அன்றைக்கு லீவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, அதனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், சண்டை எங்கே என்பதைப் பிடித்தால் விளங்கும். உப்பை அளவுக்கு மேல் சாப்பிட்டால் பிரஷர் ஏறும் என்பதில் பெரிய சண்டை இல்லை. அமெரிக்காவில் ஒரே ஆட்களுக்கு மூன்று அளவு உப்பில் சாப்பாடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வந்தது, ஒவ்வொரு படியாக உப்புக் குறைய பிரஷரும் இறங்கியது. ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. எவ்வளவு தூரத்துக்குக் குறைப்பது என்பதில்தான் சண்டை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது, ஒரு தேக்கரண்டி மட்டம். 2014இல் 17 நாடுகளில் ஒரு லட்சம் பேரைப் பார்த்த ஆய்வு, 7.5 முதல் 15 கிராம் வரை சாப்பிடுகிறவர்கள்தான் குறைவாகச் சாகிறார்கள், அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் ஆபத்துக் கூடுகிறது என்றது. யூடியூப்காரர் காட்டுவது அனேகமாக இதைத்தான். அதற்கு மறுப்பும் அப்போதே வந்தது. ஒரே ஒரு காலைச் சிறுநீரை வைத்து ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிட்ட உப்பைக் கணக்கிட்டார்கள், அது பிழைக்கக்கூடிய கணக்கு. நோய் முற்றியவர்கள் சாப்பாடே குறைவாகத்தான் சாப்பிடுவார்கள், உப்புக் குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் உப்புக் குறைந்ததா என்பதையும் அதில் பிரிக்க முடியாது.

எந்தப் பக்கம் நின்றாலும், பிரஷர் உள்ள உங்கள் அப்பா கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ரின்மீனும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று அந்த ஆய்வாளர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

வெயிலில் வேலை செய்கிறவனுக்கு உப்பு வேண்டாமா என்று இங்கே கட்டாயம் ஒருவர் கேட்பார், எங்கள் ஊரிலும் கேட்டார்கள். வேர்வையில் உப்புப் போவது உண்மை. ஆனால் எங்கள் மூன்று நேரச் சாப்பாட்டில் இருக்கிற உப்பே சாதாரண நாளைக்குப் போதும், வயலில் நிற்கிறவர்களுக்கு அதைவிடத் தண்ணீர்தான் போதாமல் போகிறது. வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த மருந்துத் தூள்) கரைத்துக் கொடுப்பது வேறு கணக்கு. எங்கள் ஆச்சி 95 வயது மட்டும் கல்லுப்புச் சாப்பிட்டவ என்று எழுதப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், உங்கள் ஆச்சி நல்லாக இருந்தது எனக்கும் சந்தோசம், அதை வைத்து என் அப்பாவின் சிறுநீரகத்துக்கு முடிவு சொல்ல முடியாது. இந்துப்பு பற்றியும் இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அதுவும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைட்டுத்தான். விலையும் நிறமும்தான் வேறு, அயடீன் சேர்க்காதது என்றால் அதுவும் நட்டம்.

எங்கள் பக்கத்துக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. சீனி வருத்தமும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் காரணம் தெரியாமல் வருகிற சிறுநீரக நோய் மதவாச்சி, பதவியா பக்கம் 1990களில் இருந்தே பேசப்படுகிறது. வவுனியா, முல்லைத்தீவிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு கூடின கெட்டித் தண்ணீர், புளோரைட்டு, வயல் மருந்து, வெயிலில் உடம்பு காய்வது என்று பல சந்தேகம், முடிவு இல்லை. தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது. அதனால்தான் கனடாவில் ஒருவருக்கு நல்லதாக இருக்கிற உப்பு, இங்கே கேத்திலில் வெள்ளைப் படிவு விழுகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தவருக்கும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஏலாது. மாற்று உப்பே கூடாது என்று நான் சொன்னதாகத் தயவுசெய்து எடுக்க வேண்டாம். சிறுநீரகம் நல்லாக இருந்து, டொக்டரும் சம்மதித்தால், சீனத்து ஆய்வு சொன்ன நன்மை உங்கள் அப்பாவுக்கும் கிடைக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது சாதாரண அயடீன் உப்புத்தான். எல்லோருக்கும் ஒரே சட்டி, அப்பாவுக்கு என்று தனிச்சமையல் இல்லை. தனியாகச் சமைத்த காலத்தில் அவர் எங்கள் சட்டியில் இருந்துதான் எடுத்துச் சாப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், ஒரு மாதமளவில் நாக்குப் பழகிவிட்டது. மிளகு, உள்ளி, தேசிக்காய் கூட்டினேன். கருவாடு மாதத்தில் ஒரு நாள், அதுவும் ஊறப் போட்டுத் தண்ணீர் மாற்றி. அப்பாவுக்குப் பொற்றாசியமும் கவனிக்க வேண்டியதால் மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறேன். வருத்தம் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற இளநீரை நாங்கள் குடிக்கிறோம், அவருக்கு இல்லை. முதல் முறை மரக்கறி அவித்த தண்ணீரை நான் வடித்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்ப சரியாச் செய்யிறாய்" என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, சீரம் கிரியேற்றினின், பொற்றாசியம் இரண்டும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று தேடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது பார்க்கவே இல்லை என்றால், அடுத்த கிளினிக்கில் வாயைத் திறந்து கேளுங்கள். அவர் குடிக்கிற மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சித்தப்பாவின் பெட்டி அதற்கிடையில் வந்துவிட்டால் எறிய வேண்டாம், ஒரு பக்கற்றைக் கையோடு கொண்டுபோய்ப் பின்பக்கத்தை டொக்டருக்குக் காட்டுங்கள்.