அந்த வலது கால் விவகாரம்

கேள்வி: ஜூடோவுல 203 மேட்ச் தொடர்ச்சியா ஜெயிச்சவர்னு ஜப்பான்காரர் யாசுஹிரோ யமஷிட்டாவைத் தலையில தூக்கி வெச்சு ஆடறீங்களே, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஃபைனல்ல எகிப்து வீரர் ரஷ்வான் அவரோட அடிபட்ட காலைத் தொடாம விட்டுக்கொடுத்ததாலதானே அந்தத் தங்கம் கிடைச்சுது? நியாயமா அது ரஷ்வான் கழுத்துல விழுந்திருக்க வேண்டிய மெடல் இல்லையா? – ஒரு வாசகர், கரூர்

பதில்: வாட்ஸப்ல வந்துதா? பின்னாடி வயலின் அழுதுக்கிட்டே இருக்கும், கடைசியில 'மனிதநேயம் வென்றது'ன்னு எழுத்து ஓடும், அதே வீடியோதானே? ஒலிம்பிக் சீசன் வந்தாலே எனக்கும் வந்துடும். எல்லாம் காட்டுவாங்க, அந்த ஃபைனலை மட்டும் முழுசா காட்ட மாட்டாங்க.

காட்டினா கதை கந்தலாயிடும்ல. மேட்ச் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ரஷ்வான் வலது காலை வீசி யமஷிட்டாவைத் தூக்கிப் போடப் பார்க்கிறார், இவர் சட்டுன்னு விலகிக்கறார், வந்த வேகத்துல ரஷ்வான் முன்னாடி சாய, அந்த வேகத்தோடயே ஆளைக் கீழ கொண்டுபோய் பக்கவாட்டுல மேல விழுந்து அமுக்கிடறார். யோக்கோ-ஷிஹோ-கட்டாமேங்கற பிடி. அப்போ இருந்த ரூல்படி 30 செகண்ட் எதிராளி முதுகு தரைப்பாயில படற மாதிரி அமுக்கி வெச்சா முழு பாயிண்ட், ஆட்டம் முடிஞ்சுது. மேல 127 கிலோ, திமிறிப் பார்த்தும் ஒண்ணும் நடக்கல. மொத்த ஃபைனலும் ஒரு நிமிஷம் சொச்சம்தான், அதுல பாதி நேரம் ரஷ்வான் கீழதான் கிடந்தார். இதுல எங்க சார் விட்டுக்கொடுத்தாங்க?

யமஷிட்டாவோட அடிபட்ட வலது காலைக் குறிவைக்கலைன்னு ரஷ்வான் சொன்னது உண்மைதான், அதுக்காக ஃபேர் ப்ளே விருது கொடுத்ததும் உண்மைதான். ஆனா யமஷிட்டா பின்னாடி ஒரு பேட்டியில, ஆரம்பத்துலேருந்தே அவர் என் வலது காலைத்தான் குறிவெச்சு வந்தார்னு சொல்லிட்டார். அதை ஒரு குற்றச்சாட்டா எடுத்துக்க வேண்டியதே இல்ல. ஒலிம்பிக் ஃபைனல்ல நிக்கறவன் எதிராளியோட பலவீனத்தைத் தேடாம வேற எதைத் தேடுவான்? ரஷ்வான் ஒண்ணும் சோப்ளாங்கி இல்ல, 1985லயும் 1987லயும் உலக சாம்பியன்ஷிப்ல வெள்ளி வாங்கினவர். அவர் ஜெயிக்கத்தான் வந்தார், முடியல. அவரோட பெருந்தன்மையைப் பார்க்கணும்னா மெடல் கொடுக்கற இடத்துல பாருங்க, நொண்டிக்கிட்டு வந்தவருக்குக் கை கொடுத்து மேடையில ஏத்தி விட்டவர் அவர்தான், அதுல எந்தச் சந்தேகமும் கிடையாது.

சரி, அந்தக் காலுக்கு என்ன ஆச்சுன்னு வீடியோ சொல்லாது, நான் சொல்றேன். அதே ஒலிம்பிக்ல முந்தைய ஒரு சுத்துல மேற்கு ஜெர்மனிக்காரர் ஷ்னாபெல் கூட ஆடும்போது வலது கெண்டைக்கால் சதை கிழிஞ்சுடுச்சு. யமஷிட்டா ஜூடோவுல இடதுகைக்காரர். இடது காலை வீசித்தான் எறிவார், அப்படின்னா மொத்த உடம்பையும் தாங்கி நிக்க வேண்டியது வலது கால். போனது அதுதான். எறியவே முடியாத நிலைமையில செமிஃபைனல் போறார், பிரான்ஸ்காரர் டெல் கொலம்போ ஆரம்பத்துலயே ஓசோட்டோ-காரி, அதாவது காலைப் பின்னாலேருந்து வாரிவிடற எறி போட்டு ஆளை விழ வெச்சு சின்ன பாயிண்ட் ஒண்ணு எடுத்துடறார், அத்தனை வருஷமா தோல்வியே பார்க்காத மனுஷன் பின்தங்கி நிக்கறார், அதையும் மீண்டு வந்து அவரையும் கீழ அமுக்கித்தான் ஜெயிச்சார். தரைப் பிடி அவருக்கு அவசரத்துக்கு வந்த வித்தை இல்ல. டோக்காய் யுனிவர்சிட்டியில அவரோட கோச் நோபுயுக்கி சாட்டோ, தரைப் பிடிக்கே பேர் போன உலக சாம்பியன். நின்னு எறிய முடியலைன்னா படுத்து ஜெயிக்கற அளவுக்குத் தயார் பண்ணி வெச்சிருந்த ஆளுகிட்ட 'உனக்குப் பிச்சை போட்டாங்க'ன்னா எப்படிங்க?

இன்னொண்ணு, 203ன்னு எழுதினீங்களே, அதுலயும் ஒரு திருத்தம் இருக்கு. நடுவுல 7 டிரா உண்டு. 1977 அக்டோபர்லேருந்து 1985 வரைக்கும் தோக்கலைங்கறதுதான் சரி. அந்த டிராவுல ஒண்ணு 1980 மே மாசம், இன்னொரு ஜப்பான் வீரர் எண்டோ ரெண்டு காலையும் கத்தரி மாதிரி போட்டு விழ வெச்சதுல யமஷிட்டாவோட இடது கால் எலும்பு முறிஞ்சு நின்னுபோன மேட்ச். கெட்ட நேரம்னா அதுதான், ஏன்னா சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள நுழைஞ்ச விஷயத்துல அமெரிக்கா பின்னாடி போய் மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் பகிஷ்கரிச்சதும் அதே மே மாசம்தான். அப்போ அவருக்கு 22 வயசு. எங்களைப் போக விடுங்கன்னு வீரர்கள் கூட்டத்துல அழாத குறையா கேட்டார், பெரியவங்க காதுல ஏறல. 1983ல அதே மாஸ்கோவுல உலக சாம்பியன் ஆனார். அப்புறம் 2019ல எந்த ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டி அவரைத் தடுத்துச்சோ அதுக்கே தலைவரா உட்கார்ந்தார், அது வேற விஷயம். நான் சொல்ல வந்தது, 1984ல அவர் நொண்டிக்கிட்டு நின்னது நாலு வருஷம் காத்திருந்து கிடைச்ச ஒரே ஒலிம்பிக்ல. அவர் ஆடினது எடைக் கணக்கு பார்க்காத ஓபன் பிரிவு, அதோட ஒலிம்பிக்லேருந்து அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. கால் போச்சுன்னு விலகியிருந்தா வீட்டுல ஒலிம்பிக் மெடலே இருந்திருக்காது.

அவர் ஜெயிச்சதுல எங்கயாவது குறை கண்டுபிடிச்சே தீரணும்னு இருந்தா நீங்க தப்பான மேட்சைப் பிடிச்சிருக்கீங்க சார். 1985 ஏப்ரல், டோக்கியோ புடோக்கான்ல ஆல் ஜப்பான்ங்கற தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல், எதிர்ல ஹிட்டோஷி சைட்டோ. லாஸ் ஏஞ்சலஸ்ல 95 கிலோவுக்கு மேல பிரிவுல தங்கம் வாங்கினவர், பின்னாடி 1988 சியோல்லயும் ஜூடோவுல ஜப்பானுக்குக் கிடைச்ச ஒரே தங்கத்தை வாங்கினவர், யமஷிட்டாவை மட்டும் ஒரு தடவை கூட ஜெயிக்க முடியாம போனவர். அந்த ஃபைனல்ல யமஷிட்டா கால் வெச்சு மடக்கப் போக, சைட்டோ அதையே திருப்பிவிட, விழுந்தது யமஷிட்டா. ரெஃப்ரி ஒண்ணும் கொடுக்கல. மேட்ச் நேரம் முடிஞ்சு நடுவர்கள் முடிவுல யமஷிட்டாவுக்கு ஒன்பதாவது தொடர் பட்டம், அதோட ஓய்வு. என்னைக் கேட்டா சைட்டோவுக்கு அங்க ஏதாவது கொடுத்திருக்கணும். அந்த மேட்சைப் பத்தி எழுதிக் கேளுங்க, பக்கம் பக்கமா சண்டை போடலாம்.