பிரேக் பிடித்தால் ‘டொக்’ என்கிறது: கேள்வியும் பதிலும்

தருமபுரியில் பல ஆண்டுகளாகக் கார்ப் பட்டறை நடத்திவரும் என்னிடம், பிரேக் பிடிக்கும்போது கேட்கும் சத்தத்தைப் பற்றி அண்மையில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (தொப்பூர்): ஐயா, கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தவுடன் முன்பக்கம் இடது சக்கரத்தருகே ஒரே ஒரு ‘டொக்’ கேட்கிறது. பேடு மாற்றியும் போகவில்லை.

பதில்: பேடு, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை, தேய்ந்தால் கிறீச்சென்றோ கரகரவென்றோ கேட்கும். ஒரு முறை மட்டும் இடிப்பதுபோல் கேட்டால், தளர்ந்துபோன ஏதோ ஒரு பாகம் இடம் நகர்கிறது என்று பொருள். பிரேக் பிடிக்கும்போது வண்டி முன்னோக்கிப் பாய, தரை சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்குவது, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் என்பதால், அது சட்டத்தில் பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் உறையான புஷ் கிழிந்திருந்தால் ஆர்ம் பின்னுக்கு நகர்ந்து இடிக்கும், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பி இன்னொரு முறை இடிக்கும்.

சமதளத்தில் நடை வேகத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி பிரேக் பிடியுங்கள். வேறொருவர் சற்றுத் தள்ளி நின்று எந்தச் சக்கரம் என்று கேட்டுச் சொல்லட்டும். பிறகு வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, புஷ் அருகே சிறு கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். அண்மையில் நான் கழற்றிய ஒரு புஷ்ஷில், ரப்பர் இரும்புக் குழலை விட்டு முழுவதும் பிரிந்து, விரலால் திருப்பினாலே சுழன்றது. இடைவெளி நிறையச் செம்மண் அடைந்திருந்தது. ஆனால் அந்த வண்டியின் பேடுகளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

புதிய ஆர்ம் போடும்போது, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இந்த ஒரு வேலையைப் பலரும் தவறாகச் செய்வதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். முடிவில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரியா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பேடு மாற்றிய மறுநாளிலிருந்துதான் சத்தம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே வந்து முதல் பிரேக் பிடிக்கும்போது கேட்கிறது.

பதில்: பேடுகளை அசையாமல் பிடித்திருக்கும் கிளிப்புகளைப் போடாமல் விட்டிருந்தாலோ அவை வளைந்திருந்தாலோ, திசை மாறும்போதெல்லாம் பேடு தன் இடத்துக்குள் நகர்ந்து தட்டும். அது சிறிய குறை. ஆனால் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கவ்வியான காலிப்பரின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஆகவே இன்றே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): காலையில் கிளம்பிச் சிறிது தூரம் போனதும் ஒரு முறை ‘டக்’ என்கிறது, பிறகு நாள் முழுவதும் இல்லை.

பதில்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் அந்த அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் அது. ஏபிஎஸ் விளக்கு எரியாதவரை கவலை வேண்டாம்.

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் காலில் அதிர்கிறது, சில நேரம் ஆழமாகவும் போகிறது.

பதில்: இவை இரண்டும் வேறு வேறு. டிஸ்க்கின் கனம் சீரற்றுப் போனால் பெடல் அதிரும். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் ஆழமாகப் போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது, ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும். ஆகவே ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கில் கால் வைக்காமல், இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்து என்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

கேள்வி (ஊத்தங்கரை): பஞ்சர் ஒட்டிச் சக்கரம் மாட்டிய பிறகு ‘டொக் டொக்’ என்கிறது, வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாகிறது.

பதில்: உடனே ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முறுக்கிவிட்டு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். நட்டு உட்காரும் துளை தேய்ந்து நீளமாகியிருந்தால், அந்தச் சக்கரத்தை மீண்டும் மாட்டக் கூடாது.