ஆயில் சொட்டினால் இன்ஜினை இறக்கியாக வேண்டுமா?

தருமபுரிப் பக்கம் தக்காளி லோடு அடிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “2016 மாடல் பொலிரோ பிக்கப்பைப் புரோக்கர் மூலம் வாங்கினேன். வாங்கும்போது இன்ஜின் பளபளவென்று இருந்தது. இப்போது இரவு நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கி நிற்கிறது. இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பழைய வண்டி அப்படித்தான், ஊற்றி ஓட்டுங்கள் என்கிறார் புரோக்கர். எதைச் செய்வது?”

இன்ஜினையும் இறக்க வேண்டாம், கசிவைத் தேடாமல் ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் பேக்கிங்கில் தொடங்கும் கசிவு, இன்ஜினின் பின்புறமாக வழிந்து, ஓட்டத்தில் அடிக்கும் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கியர் பாக்ஸ் இணையும் இடத்தில் வந்து சொட்டும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு அது, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் போனதாகவே தெரியும். பேக்கிங் மாற்றுவது சிறிய வேலை. பின்பக்க சீலுக்கோ கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். எனவே இன்ஜினைக் கழுவி நன்றாக உலரவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு.

அடுத்து, இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது, ஆயில் ஊற்றும் மூடியைத் துணி சுற்றிய கையால் மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் கவலை இல்லை. புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால், முதலில் இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீத்தர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தத்துக்கு வெளியேற வழியில்லாவிட்டால், நேற்றுப் போட்ட புதிய சீலும் கசியத்தான் செய்யும். சுத்தம் செய்த பிறகும் புகை அடங்காமல், ஆயிலும் வேகமாகக் குறைந்தால்தான் பிஸ்டன் ரிங் தேய்ந்ததா என்று கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

விற்பதற்கு முன் இன்ஜினை வாட்டர் வாஷ் செய்து மினுக்கிக் காட்டுவது பழைய தந்திரம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குப் புழுதி படிந்த இன்ஜினே உண்மையைச் சொல்லும். ‘எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறதே’ என்று புரோக்கர் நீட்டும் தாளையும் நம்ப வேண்டாம். எட்டு ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், அந்த நாளில் பெயின்டுக்கும் ஒளிரும் ஸ்டிக்கருக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியின் அடிப்பாகத்துக்குக் கிடைப்பதில்லை. ஊற்றினால் கசிவு நிற்கும் என்று விற்கப்படும் மருந்துகளும் வேண்டாம். பேக்கிங் போடும்போது சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்பில் இருக்கும் வடிகட்டி வலையை அடைத்தால், ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும், நூறு ரூபாய்க் கசிவு இன்ஜின் வேலையில் போய் முடியும்.

பின்பக்க சீல்தான் என்று உறுதியானால், கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது. அதுவரை தினமும் காலையில் சமதளத்தில் டிப் ஸ்டிக் பார்த்து, அளவு குறைந்தால் மட்டும் ஊற்றி ஓட்டலாம். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினில் இயல்பு. ஊற்றாமலேயே அளவு ஏறினால் டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ கலக்கிறது என்று பொருள், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

‘ஊற்றி ஓட்டலாம்’ என்பதற்குப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. பின்சக்கரத்தின் உட்புறமோ டயரின் பக்கவாட்டோ ஈரமாக இருந்தால், அது இன்ஜின் ஆயில் அல்ல. ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயிலோ, வீல் சிலிண்டர் போய் பிரேக் ஆயிலோ டிரம்முக்குள் இறங்குகிறது. லோடு ஏற்றித் தொப்பூர் கணவாய் இறங்குகிறவருக்கு அந்தச் சக்கரத்தில் பிரேக் இருக்காது. ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, எமரித்தாள் தேய்த்துத் திரும்பவும் மாட்டுவார்கள். சூடேறியதும் ஊறியிருந்த ஆயில் மறுபடி மேலே வரும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் ஷூவைச் சேர்த்தே மாற்றி, ஆக்சில் மேலுள்ள பிரீத்தரையும் சுத்தம் செய்யும் வரை லோடு ஏற்றாதீர்கள்.