ஏ.எல்.எஸ். நோயும் இரத்த ரிப்போட்டும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

நான் டொக்டர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளின் ஆய்வுகூடங்களில் 30 வருடம் இரத்தம் பார்த்தவள். என் தம்பி, தசையை இயக்கும் நரம்புகள் சாகும் ஏ.எல்.எஸ். வருத்தம் வந்து நாலு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். மருந்து விஷயத்தை உங்கள் டொக்டரோடு கதையுங்கள். ரிப்போட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்பதை நான் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான், மகள்: அக்கா, அப்பாவுக்கு 58 வயது. ஏ.எல்.எஸ். என்று உறுதியாகிவிட்டது. இந்த முறை கிரியேட்டினின் 0.5. கிட்னி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். சரிதானே?

தம்பியின் ரிப்போட்டைப் பார்த்து நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன், பிள்ளை. வவுனியா, வெலிஓயாப் பக்கம் கிட்னி வருத்தத்தால் எத்தனை குடும்பம் உடைந்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். கிரியேட்டினின் ஏறுகிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம்.

ஆனால் கிரியேட்டினின் என்ற கழிவு பிறக்கும் இடம் தசை. கிட்னி அதை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஏ.எல்.எஸ்.ஸில் தசை கரையக் கரைய அது உண்டாவதே குறைகிறது. வளர்ந்த ஆணுக்கு 0.7 முதல் 1.3 வரை வழக்கம். கிரியேட்டினின் குறைவாக இருக்கும் நோயாளிகளுக்கு நோய் பெரும்பாலும் வேகமாகப் போகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு ரிப்போட்டை வைத்து மனம் உடையாதே. ஒரே ஆய்வுகூடத்தில் எடுத்த பழைய ரிப்போட்டுகளையும் திகதி வாரியாக அடுக்கிப் பார். 0.9, 0.7, 0.5 என்று இறங்கியிருந்தால் தசை போகிறது என்று பொருள். அப்பாவின் நிறையையும் அதோடு எழுதி வை. சாப்பாட்டைக் கூட்டி நிறையைப் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கும் வேலை.

இன்னொன்று. கிட்னி வருத்தமும் ஏ.எல்.எஸ்.ஸும் சேர்ந்து வந்தவருக்குக் கிரியேட்டினின் சாதாரணமாகத் தெரியலாம். ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும். அப்போது தசையை நம்பாத சிஸ்டட்டின் சி பரிசோதனைதான் கிட்னியின் நிலையைச் சரியாகக் காட்டும்.

கிளிநொச்சி, மனைவி: இரத்தத்தில் பார்த்து ஏ.எல்.எஸ். என்று உறுதியாகச் சொல்லலாமா?

இல்லை. நரம்பு வைத்தியர் கையால் பார்ப்பதும், தசையின் மின்னோட்டத்தை அளக்கும் ஈ.எம்.ஜி.யும்தான் அடிப்படை. இரத்தம் எடுப்பது, இதுபோலத் தெரியும் வேறு வருத்தங்களை விலக்க: பி12 குறைவு, தைரொயிட், ஈயம், சிலருக்கு ஜி.எம்.1 எதிருடல். இந்தக் கடைசி எதிருடல், கை கால் நரம்பைத் தாக்கும் வேறொரு வருத்தத்தைக் காட்டும். அதற்கு மருந்து உண்டு, அதனால் தவறவிடக்கூடாது.

நம் ஆட்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் சன்னமோ ஷெல் துண்டோ இருந்தால் காந்தத்தால் எடுக்கும் கழுத்து எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். “அது பழைய காயம்” என்று விட்டுவிடாதீர்கள். சன்னத்தில் ஈயம் இருக்கும். மூட்டுக்குள் தங்கிய சன்னம் பல வருடம் கழித்தும் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றலாம், ஈயம் கையைத் தொங்க வைக்கலாம். டொக்டரிடம் கேட்டு இரத்தத்தில் ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, மகன்: கனடாவில் இருக்கும் அண்ணா, நியூரோபிலமென்ட் என்ற பரிசோதனையைச் செய்யச் சொல்கிறார். காசு அனுப்புகிறாராம். செய்யலாமா?

நரம்பு இழைக்குள் கூரை வளைபோல நின்று அதைத் தாங்கும் புரதம் அது. இழை சிதையும்போது வெளியே கசிந்து இரத்தத்துக்கு வருகிறது. பிக்கோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில் இருப்பதால் சாதாரணக் கருவியில் பிடிபடாது.

இன்று நம்மிடம் உள்ள இரத்தக் குறிகாட்டிகளில் இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம். எண் உயர்ந்தால் நோய் வேகம். பரம்பரை மரபணு உள்ளவர்கள் சிலருக்கு அறிகுறி தெரியும் முன்பே ஏறத் தொடங்குகிறது. எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கான டொஃபெர்சென் மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்ததே, அது இந்தப் புரதத்தைக் குறைத்ததை வைத்துத்தான். நோயாளிகளில் நூற்றுக்கு 2 பேர் அளவில்தான் அந்த மரபணு மாற்றம் இருக்கிறது.

ஆனால் இது வேகத்தைச் சொல்லும், நாளைக் குறித்துத் தராது. வயது ஏறினாலும், கிட்னி பழுதானாலும், பாரிசவாதம் வந்தாலும் இந்த எண் ஏறும். அப்பாவின் சிகிச்சை இந்த எண்ணால் மாறாது என்றால், அண்ணாவின் காசை மூச்சுக் கருவிக்கு வையுங்கள் தம்பி. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனையைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

மல்லாவி: சி.பி.கே. 640. பயப்பட வேணுமா?

சி.பி.கே. தசையிலிருந்து இரத்தத்துக்குக் கசியும் நொதி. இந்த நோயில் இது ஏறுவது வழக்கம். இரண்டு மூன்று மடங்கு ஏறும், பெரும்பாலும் 1000 தாண்டாது. பல ஆயிரமாக வந்தால் தசை வருத்தமா என்று டொக்டர் தேடுவார். நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனால், ஏ.எல்.எஸ். இருப்பதை முதலில் சொல்லுங்கள். மாரடைப்பா என்று அறியப் பார்க்கும் ட்ரொபோனின் ‘டி’ இந்த நோயில் பலருக்கு இதயம் நன்றாக இருக்கும்போதும் ஏறியிருக்கும். ‘ஐ’ வகையைப் பார்த்தால் குழப்பம் குறையும்.

நெடுங்கேணி: யூரிக் அமிலம் கூடியவர்கள் நீண்ட நாள் இருப்பார்களாமே, கூட்டலாமா?

கூட்டாதீர்கள். அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது, முக்கியமாக ஆண்களில். மருந்தால் கூட்டிப் பார்த்தார்கள், நோய் மெதுவாகவில்லை.

மாங்குளம், அக்கா ஒருவர்: ரிலுசோல் குளிசை எடுக்கிறார். ஒவ்வொரு மாதமும் ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்?

ஈரலுக்காக, அக்கா. ஏ.எல்.எஸ்.ஸை மெதுவாக்கும் அந்தக் குளிசை சிலருக்கு ஈரலைத் தாக்கலாம். முதல் மூன்று மாதம் மாதாமாதம் பார்ப்பது நல்லது. இடையில் காய்ச்சல் வந்தால் வெள்ளை அணுக்களையும் பார்க்க வேண்டும். பஸ் ஏறுவது கஷ்டமென்று தவறவிடாதீர்கள்.

தருமபுரம், மகள்: காசில்லாமல் வேகத்தைக் கணிக்க வழியில்லையா?

இருக்கிறது. 12 கேள்விக்கு 48 புள்ளி என்று ஒரு கணக்கு கிளினிக்கில் போடுவார்கள்: பேச்சு, விழுங்குதல், எழுத்து, தெறி போடுவது, படுக்கையில் திரும்புவது, நடை, மூச்சு என்று. 48இலிருந்து இன்றைய புள்ளியைக் கழித்து, முதல் அறிகுறி தொடங்கியதிலிருந்து கழிந்த மாதங்களால் பிரியுங்கள். 10 மாதத்தில் 38 என்றால் மாதத்துக்கு 1, அது நடுத்தரத்தின் மேல் எல்லை. அரைக்குக் கீழே என்றால் மெதுவான நோய். இந்தக் கணக்கு வரவிருக்கும் மாதங்களைப் பற்றி ஓரளவு நன்றாகவே சொல்லும்.

முல்லைத்தீவு, மகன்: அம்மாவின் ரிப்போட்டில் பைகாபனேட் 34, குளோரைட் குறைவு. காலையில் தலையிடி, பகலெல்லாம் நித்திரை. மற்ற எல்லாம் நல்லாயிருக்கு என்கிறார்கள்.

தம்பி, எனக்கு வந்த கேள்விகளில் அவசரமானது இதுதான். பைகாபனேட் என்பது இரத்தத்தின் அமிலத்தை ஈடுகட்டும் காரம், வழக்கமாக 22 முதல் 28 வரை. மூச்சுத் தசை தளர்ந்து கரியமிலவாயு இரவில் உள்ளே தேங்கும்போது உடம்பு அதைச் சமாளிக்கப் பைகாபனேட்டைக் கூட்டும். தலையிடியும் பகல் நித்திரையும் அதோடு ஒத்துப்போகின்றன. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். “மல்லாந்து படுக்க முடிகிறதா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறா” என்று கேட்பார்கள், இன்றிரவு பக்கத்தில் இருந்து பார்த்து வையுங்கள். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் எடுத்துத் தன்பாட்டில் வைக்க வேண்டாம். ஒட்சிசன் மட்டும் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடலாம். அம்மாவுக்குத் தேவைப்படக்கூடியது முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளும் பைபாப். அந்தப் பெயரைச் சொல்லியே டொக்டரிடம் கேளுங்கள், இரத்த வாயுவையும் பார்க்கச் சொல்லுங்கள்.