காய்தோண்டேவின் ரசனை எங்கிருந்து வந்தது?

அரூப ஓவியர் வி.எஸ். காய்தோண்டேவைப் பாதித்தவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த நாட்களில் அவரை ஈர்த்தவை இந்தியச் சிற்றோவியங்கள். அப்புறம் சுவிட்சர்லாந்தில் பிறந்த நவீன ஓவியர் பால் கிளே. அந்தத் தாக்கம் ஆரம்பகாலப் படங்களில் நன்றாகவே தெரியும். 1964இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போனார்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது தியானத்தை மையமாகக் கொண்ட ஜென் பௌத்தம்தான் என்பேன். அவர் வேலை செய்த விதத்திலேயே அது இருக்கிறது. நாள்கணக்கில் யோசிப்பார், வரைந்தது கொஞ்சம்தான். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பூசுவார், வழித்தெடுப்பார், மறுபடி பூசுவார். கிட்டே போய்ப் பாருங்கள்: மேல்பூச்சுக்கு அடியில் இன்னொரு நிறம், தெளிந்த நீருக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி மெல்லத் துலங்கும். அவசரமாகக் கடந்தால் வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். அவ்வளவு பொறுமை கேட்கும் படங்கள் அவை.

சரி, 'அரூப ஓவியர்' என்றேன் அல்லவா? அந்தப் பெயரை அவர் ஏற்கவில்லை. எந்தப் பொருளையும் சாராத (non-objective) ஓவியம் என்றே தன் படைப்பைச் சொன்னார்.