இங்கிலாந்தின் லிங்கன் நகரக் கோட்டையை, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து அந்நாட்டைக் கைப்பற்றிய நார்மானியர் நகரத்துக்குள்ளேயே கட்டியது ஏன்?

குன்றின் உச்சியில் ரோமானியர் விட்டுச்சென்ற மதில்கள் ஏற்கெனவே நின்றதால், 1068-இல் நார்மானிய மன்னர் முதலாம் வில்லியம் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார். நகரத்தாரைக் கண்காணிக்கவும் அது வசதியாக இருந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நகரத்தாரே: கோட்டைக்காக 166 வீடுகள் அழிக்கப்பட்டதை 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கு பதிவு செய்கிறது. மற்ற நார்மானியக் கோட்டைகள் பெரும்பாலும் கோபுரத்தைத் தாங்கும் ஒரே மண்மேட்டுடன் நிற்க, இங்கு இரண்டு உள்ளன.

கோட்டைக்கும் நகரத்துக்கும் இருந்த பகை 1217-இல் வெளிப்பட்டது. நகரத்தார் மன்னருக்கு எதிரான கிளர்ச்சிப் பிரபுக்களின் பக்கம் சாய்ந்திருக்க, கோட்டைக் காவலரான நிக்கோலா டி லா ஹே என்ற முதிய பெண்மணி முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். அவரது உறுதி இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது என்பேன். மே 20 அன்று, சிறுவரான மன்னரின் சார்பில் ஆட்சி நடத்திய வில்லியம் மார்ஷலின் படை வந்து முற்றுகையை முறியடித்தது; அதன்பின் அரசப் படையினர், பேராலயத்தையும் விட்டுவைக்காமல், நகரத்தைச் சூறையாடினர்.